ஏழாம் மாடியில் ஒரு மலைக்குடில்

சென்ற ஆண்டு நம் பேரவையின் முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் நான் அமர்ந்திருந்த மேசையில் ஐந்து பேர் இருந்தோம். பேச்சு எப்படியோ ஓய்வுக் காலத்தின் பக்கம் திரும்பியது. “ஓய்வுக்குப் பிறகு எங்கே?” என்று ஒருவர் கேட்டார். வங்கியில் பணிபுரியும் அண்ணன் கொடைக்கானல் என்றார். ஆசிரியையாக இருக்கும் அக்கா ஏற்காட்டில் ஒரு சின்ன வீடு போதும் என்றார். இன்னொருவர் நியூசிலாந்துக்கே போய்விட்டார். நானும் என் பங்குக்கு, மரத்தால் ஆன சிறு குடில், முன்னால் காய்கறித் தோட்டம், பின்னால் மலை என்றேன். எனக்கு வயது 22. இன்னும் வேலையிலேயே சேராத நான் ஓய்வெடுக்க மலை தேடிக்கொண்டிருந்தேன்!

நம்மில் பலருடைய மனத்தில் அந்தப் படம் இருக்கிறது. தாடி வைத்த முதியவர் விறகு பிளக்கிறார். அவர் மனைவி கூடையில் கீரை பறிக்கிறார். புகைபோக்கியிலிருந்து மெல்லிய புகை, வாசலில் ஒரு நாய். தொலைபேசி மணி அடிப்பதில்லை. ஆவணப்படங்களிலும் பயண நிகழ்ச்சிகளிலும் பார்த்துப் பார்த்து, அது நாமே வாழ்ந்த இடம் போல ஆகிவிட்டது. தேர்வு வாரத்தில் நூலகத்தில் இரவு 2 மணிக்கு உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்தக் குடில் எனக்கு மிகவும் தெளிவாகத் தெரியும் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் படம் முதுமையைப் பற்றியதே அல்ல, நம்முடைய களைப்பைப் பற்றியது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. அதை முதியவர்கள் மீது போர்த்தி அழகு பார்க்கிறோம். அது வெறும் கற்பனையாக இருக்கும் வரை தீங்கில்லை. எது எளிய வாழ்க்கை என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நாம் முடிவு செய்யத் தொடங்கும்போதுதான் சிக்கல். நான் அப்படி ஒரு முடிவைச் செய்தேன். அட்டவணை போட்டே செய்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மலையைப் பற்றி. நம் நாட்டின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா குன்றின் உயரம் ஏறத்தாழ 163 மீட்டர். டக்ஸ்டன் பகுதியில் 2009இல் கட்டி முடிக்கப்பட்ட 50 மாடி வீவக அடுக்குமாடிகளின் உயரம் 156 மீட்டர். நம் ஊர் மலையும் நம் ஊர் வீடும் தோளோடு தோள் நிற்கின்றன. சிங்கப்பூரில் மலைமேல் வாழ வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் அவரை வீவகவுக்கு விண்ணப்பிக்கச் சொல்வதுதான் முறை.

அளவிலும் அப்படித்தான். எளிய வாழ்வு என்றாலே உலகம் எடுத்துக்காட்டும் அமெரிக்க எழுத்தாளர் தோரோ, 1845இல் வால்டன் குளக்கரையில் தம் கையால் கட்டிய குடில் 10 அடிக்கு 15 அடி, அதாவது 150 சதுர அடி. (அதே 1845இல்தான் மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர்கள் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் தப்பிக் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள் என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை.) 55 வயதைத் தாண்டியோர் குறுகிய குத்தகையில் வாங்கக்கூடிய நம் ஈரறை வீடுகளில் சிறியது 36 சதுர மீட்டர், சுமார் 390 சதுர அடி. தோரோவின் குடில்கள் இரண்டை அதற்குள் வைத்து, இடையில் துணி காயவைக்கக் கொடியும் கட்டலாம். பலரும் மறந்துவிடும் செய்தி ஒன்றும் உண்டு. தோரோ அங்கே இருந்தது இரண்டு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும்தான். அந்தக் காலத்திலும் ஓரிரு நாளுக்கு ஒருமுறை ஊருக்குள் நடந்து போய் ஊர்க்கதை கேட்டுவிட்டு வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். நடந்துபோகும் தூரத்தில் ஊர் இருந்ததால்தான் அந்தத் தனிமை இனித்தது என்பது என் எண்ணம்.

உண்மையிலேயே மலைக்குப் போய் நிலைத்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அமெரிக்காவில் வாழ்ந்த அனில் மல்ஹோத்ரா, பமீலா மல்ஹோத்ரா தம்பதியர் 1991இல் கர்நாடகத்தின் குடகில், பிரம்மகிரி மலைச் சாரலில் 55 ஏக்கர் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அதை ஏறத்தாழ 300 ஏக்கராகப் பெருக்கிக் காடாகவே வளரவிட்டார்கள். இன்று யானையும் புலியும் நடமாடும் தனியார் காட்டுயிர்ப் புகலிடம் அது. பமீலாவுக்கு 2017இல் இந்திய அரசின் நாரி சக்தி விருது கிடைத்தது. அனில் 2021இல் காலமானார். அவர்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது ஒன்றுதான்: அவர்கள் ஓய்வெடுக்கவே இல்லை. எல்லை வாங்கி, வேட்டைக்காரரை விரட்டி, அக்கம்பக்கத்து விவசாயிகளோடு பேசி முப்பது ஆண்டுகள் உழைத்தார்கள். அவர்கள் மலைக்குப் போனது ஊரை விட்டு ஓடுவதற்காக அல்ல, செய்ய ஒரு வேலை அங்கே இருந்ததால். நம் மேசையில் இருந்த ஐந்து பேரில் யாரும் இதைக் கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது பால்கனியும் பனிமூட்டமும்.

தமிழ் படித்த நமக்கு இன்னொரு செய்தியும் தெரியும். நம் அகத்திணையில் மலை இளையவர்களுக்கு உரியது. குறிஞ்சி நிலத்தில் சந்திக்கிறவர்கள் காதலர்கள். முதுமையில் மனைவியோடு காட்டுக்குப் போய்த் தவமிருக்கும் வானப்பிரத்தனை 41ஆம் குறளுக்கான பரிமேலழகர் உரையில் காண்கிறோம். ஆனால் தொல்காப்பியக் கற்பியலின் இறுதிப் பகுதியில் ஒரு நூற்பா இருக்கிறது. இளமை கடந்த தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தாரோடும் நிறைந்து வாழ்ந்து, சிறந்ததைப் பழகுவதே அதுவரை வாழ்ந்த வாழ்வின் பயன் என்று அது சொல்கிறது. அங்கே காடு இல்லை, குடில் இல்லை. கூட்டம் இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் இந்த நூற்பாவை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன். அது தேக்காவில் ஏழாம் மாடியில் குடியிருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஆம், என் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் அம்மாயியும் அங்கேதான் இருக்கிறார்கள். தாத்தாவுக்கு 84, அம்மாயிக்கு 79. தேக்கா சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மூவறை வீடு. சமையலறைச் சன்னலைத் திறந்தால் கீழே மீன்கடை வாடையும் மல்லிகை வாடையும் கலந்து ஏறி வரும். இரண்டும் கலந்தால் என்ன வாடை வரும் என்று கேட்காதீர்கள், எனக்கு அதுதான் குழந்தைப் பருவம்.

தாத்தா ஒரத்தநாட்டுப் பக்கம். 1950களின் பின்பாதியில், மீசை முளைக்காத வயதில், தன் மாமனோடு ரஜுலா கப்பலில் வந்தார். செம்பவாங் கடற்படைத் தளத்தில் கூலி வேலை. 1965இல் ஊருக்குப் போய் அம்மாயியைக் கட்டினார். கட்டிவிட்டுத் திரும்பினார். அம்மாயி இங்கே வந்தது 1979இல். இடையில் பதினான்கு ஆண்டுகள். அதில் தாத்தா ஊருக்குப் போனது நான்கு முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு மாதம், இரண்டரை மாதம். கூட்டிப் பார்த்தால் பதினான்கு ஆண்டுத் திருமணத்தில் சேர்ந்து இருந்தது பத்து மாதம்கூட இல்லை. என் அம்மாவைத் தாத்தா முதலில் பார்த்தபோது அம்மாவுக்கு மூன்று வயது. “யாரு இந்த ஆளு?” என்று கேட்டாராம் அம்மா. இன்றும் குடும்ப விருந்துகளில் இதைச் சொல்லிச் சிரிப்போம். தாத்தா மட்டும் சிரிக்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. பிரிட்டிஷ் படைகள் விலகப்போவதாக 1968 சனவரியில் அறிவிப்பு வந்தது. 1971இல் விலகல் நடந்தது. அந்தத் தளத்தை நம்பியிருந்த தமிழ், மலையாளத் தொழிலாளர்கள் ஏராளமானோர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு கப்பலேறினார்கள். அவர்களுக்கு ஓய்வு என்றால் என்ன? ஊரில் ஒரு ஓட்டு வீடு, ஒரு பசு, இத்தனை காலம் கடிதத்தில் மட்டும் குடும்பம் நடத்திய மனைவி. நாம் காணும் மலைக்குடில் கனவைவிட அது எவ்வளவோ நியாயமான கனவு. நமக்கு வேண்டியது மனிதர்களிடமிருந்து விடுதலை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு மனிதர்.

தாத்தா அப்போது போகவில்லை. கப்பல் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்ததால் தங்கிவிட்டார். ஆனால் அந்தக் கனவை மட்டும் மடித்து வைத்திருந்தார். 2003இல், அன்றைய ஓய்வு வயதான 62 நிறைந்ததும், தேக்கா வீட்டை என் மாமா குடும்பத்திடம் விட்டுவிட்டு இருவரும் ஊருக்குப் போனார்கள். ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி, புது ஆற்றங்கரைக்கு அருகே, இரண்டு அறை, ஒரு திண்ணை, சீமை ஓடு வேய்ந்த வீடு கட்டினார்கள். பன்னிரண்டு தென்னங்கன்று வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்கு ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். நான் முன்னே சொன்ன படத்தில் மலையை எடுத்துவிட்டு வாய்க்காலை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்படியே.

2006இல் உறவுக்காரர் திருமணம் ஒன்றுக்காகச் சிங்கப்பூர் வந்தார்கள். திரும்பிப் போகவில்லை. பயணச்சீட்டு வீணானது. பெரிய சண்டையோ நோயோ ஏதும் இல்லை. ஏன் வந்துவிட்டார்கள் என்று வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை. சர்க்கரைக்கு மருந்து இங்கேதான் சரிப்படும் என்று அம்மா தானாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதுதான் எங்கள் வீட்டின் அதிகாரபூர்வ வரலாறு.

இப்போது என் அட்டவணைக்கு வருகிறேன். ஈராண்டுக்கு முன் தாத்தா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் இடுப்பில் நீலம் பாரித்து மூன்று வாரம் படுத்திருந்தார். மாமா இப்போது பொங்கோலில் ஐந்தறை வீட்டில் இருக்கிறார். காற்றோட்டமான வீடு, கீழே நீர்வழி, நடைபாதை, முதியோருக்கான நிலையம், பலதுறை மருந்தகம். தேக்கா வீட்டை விற்றுவிட்டு இருவரையும் அங்கே அழைத்துக்கொள்வது என்று மாமாவும் அம்மாவும் பேசி முடித்தார்கள். பெரியவர்களிடம் அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது, ஏனென்றால் நான் செல்லப் பேத்தி, பொருளியல் வேறு படிக்கிறேன். இரண்டு பத்தி கொண்ட ஓர் அட்டவணை தயாரித்தேன். ஒரு பக்கம் தேக்கா: கூட்டம், இரைச்சல், வெயில், ஞாயிற்றுக்கிழமை நெரிசல், பழைய கட்டடம். மறுபக்கம் பொங்கோல்: அமைதி, பசுமை, குடும்பம். வடகிழக்கு ரயில் பாதையில் மாறாமல் அரை மணி நேரத்தில் தேக்காவுக்கு வந்துவிடலாம் என்பதை அடிக்குறிப்பாகவும் போட்டேன்.

தாத்தா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு நான்காக மடித்து, தமிழ் முரசுக்குக் கீழே வைத்தார். “நல்லா எழுதிருக்க ஆயி” என்றார். அவ்வளவுதான்.

அந்த டிசம்பர் விடுமுறையில், தாத்தாவுக்குத் துணை என்ற பெயரில், மனத்தை மாற்ற வேண்டும் என்ற நோக்கத்தில், நான்கு வாரம் அவர்களோடு தங்கினேன். மாறியது யார் என்பதை ஊகித்திருப்பீர்கள்.

அவர்களுடைய நாள் ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. ஒலி 96.8 மெல்லிய குரலில் பாட, அம்மாயி காப்பி போடுவார். ஆறரைக்குத் தாத்தா கீழே இறங்குவார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது, இரண்டு மாடி படியேற வேண்டும். மேம்பாட்டுப் பணிக்குப் பிறகு வாசலிலேயே நிற்கிறது. சந்தையில் தாத்தா வாங்குவது ஒரு கட்டுக் கீரை அல்லது கால் கிலோ மீன், அதற்கு மேல் இல்லை. குளிர்பதனப் பெட்டியில் நாளைக்கு என்று எதுவும் இருப்பதில்லை, நாளைக்கு நாளை இறங்கினால் போயிற்று. ஆனால் அந்த ஒரு கட்டுக் கீரை வாங்க அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கீரைக்காரரிடம் அவர் மகளின் பிரசவம் பற்றி, மீன் விற்கும் சீனப் பெரியவரிடம் பாசார் மலாயில் முழங்கால் வலி பற்றி, பூ கட்டுபவரிடம் மதுரையில் மல்லி விலை பற்றி. ஒரு நாள் நான் எண்ணிப் பார்த்தேன். கீழே இறங்கி மேலே ஏறுவதற்குள் பதினேழு பேர் அவரை நிறுத்திப் பேசினார்கள். எனக்கு அந்த வாரம் முழுவதும் அத்தனை பேர் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நெரிசலை அட்டவணையில் குறையாக எழுதியிருந்தேன் அல்லவா? அன்றைக்குத்தான் தாத்தா சட்டையை இஸ்திரி போட்டு உடுத்துகிறார். வேலை அனுமதியில் வந்திருக்கும் ஊர்ப் பையன்கள் இரண்டு மூன்று பேர் அடுக்குமாடியின் கீழே வந்து அவரோடு உட்கார்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குப் போன வருடம்தான் கல்யாணம். கட்டிவிட்டு இங்கே வந்திருக்கிறார். அவர் கைப்பேசியில் மனைவியோடு படம் தெரியப் பேசிக்கொண்டிருந்தபோது தாத்தா அதை எட்டிப் பார்த்துவிட்டு, “மொகத்தப் பாத்துப் பேசிக்கிறீங்க, அது போதும்னு இருந்துடாதடா. வருஷத்துக்கு ஒருக்கா போயிட்டு வந்துரு” என்றார். அவர் யாருக்கும் புத்தி சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

செலவுக் கணக்கையும் பார்த்தேன், பழக்க தோஷம். சந்தை, மின்சாரம், தண்ணீர், நகர மன்றக் கட்டணம், கோயில் அர்ச்சனை, மாமா பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பணம் எல்லாம் சேர்த்து மாதம் 900 வெள்ளியைத் தாண்டவில்லை. மருத்துவத்துக்கு முன்னோடித் தலைமுறை அட்டை கைகொடுக்கிறது. மசேநியிலிருந்து வருவதும், மாமாவும் அம்மாவும் தருவதும் போதும், மிச்சமும் ஆகிறது. இரண்டு தட்டு, நான்கு டம்ளர், ஒரு மேசை மின்விசிறி, ஒரு வானொலி. மலைக்குடில்காரர்கள் எதை எதைத் துறந்ததாக நாம் வியக்கிறோமோ அதில் பலவற்றை இவர்கள் வாங்கவே இல்லை. அதனால் துறக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

ஒரு மாலை அம்மாயியோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். துணிந்து கேட்டேன்: “அம்மாயி, ஊர்லேருந்து ஏன் வந்துட்டீங்க?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “தாத்தாவும் நானும் ஒண்ணா இருக்கணும்னுதான் போனோம். போனப்புறம் நாங்க ரெண்டு பேரு மட்டும்தான் இருந்தோம்” என்றார். தொடர்ந்து அவர் சொன்னதை என் சொற்களில் சுருக்குகிறேன். தாத்தாவின் கூட்டாளிகளில் பாதிப் பேர் இறந்திருந்தார்கள், மீதிப் பேர் பிள்ளைகளோடு திருப்பூருக்கும் சென்னைக்கும் போயிருந்தார்கள். தேடி வந்தவர்கள் ‘சிங்கப்பூரார்’ வீடு என்று கடன் கேட்கவோ, பையனுக்குப் பெர்மிட் வாங்கித் தரச் சொல்லவோ வந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தவளைச் சத்தம் மட்டும். தாத்தா திண்ணையின் அந்தக் கோடியில், அம்மாயி இந்தக் கோடியில். இளமையில் சேர்ந்திருந்து பழகாதவர்களுக்கு, முதுமையில் ஒரே அடியாக நாள் முழுவதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது எளிதாக இல்லை. தேக்காவில் இருந்தபோது தாத்தா வெளியே போய்விட்டு வந்து ஏதாவது சொல்வார், அம்மாயி திட்டுவார், பேச்சு நடக்கும். அங்கே கொண்டுவர ஒன்றும் இல்லை.

“2020ல கொரோனாவுக்கு எல்லாத்தயும் அடைச்சாங்கல்ல, அப்பயும் அப்படித்தான் இருந்துச்சு” என்றார் அம்மாயி. கிருமி முறியடிப்புத் திட்டம் நடப்பில் இருந்த ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரையிலான எட்டு வாரங்களைத்தான் சொல்கிறார். தேக்காவில் காகம் கத்துவது ஏழாம் மாடிக்குத் துல்லியமாகக் கேட்ட நாள்கள் அவை. நான் அப்போது பள்ளி மாணவி. வீட்டிலிருந்தே பாடம் படித்துக்கொண்டு, எவ்வளவு அமைதி என்று நாட்குறிப்பில் எழுதினேன். அதே எட்டு வாரம் தாத்தா சன்னலோரம் நின்று, மூடிய கடைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தாராம்.

எதிர்வாதம் தெரியும். தனியாக இருக்கும் முதியவர் விழுந்தால் யார் தூக்குவது? இரவில் நெஞ்சு வலித்தால்? அம்மாயியின் மறதி கூடிக்கொண்டே போனால்? 2030ஆம் ஆண்டுக்குள் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைத் தொட்டிருப்பார் என்கிறது அரசாங்கம். இந்தக் கேள்விகள் எல்லா வீட்டிலும் எழும். பதில் எளிதன்று. என் மாமா கொடியவர் அல்லர். இரவு 11 மணிக்குத் தொலைபேசி ஒலித்தால் அவர் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். தன் அப்பாவைத் தன் கண்முன் வைத்துக்கொள்ள நினைக்கும் மகனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சில குடும்பங்களில் இடம் மாறுவதுதான் சரியாக இருக்கும்.

ஆனால் ஆபத்துக்கு மருந்து தேடுவது வேறு, வாழ்க்கையை இடம் பெயர்ப்பது வேறு. குளியலறைக்குக் கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தளமும் அரசாங்க மானியத்திலேயே போட்டுத் தருகிறார்கள். ஈஸ் என்ற அந்தத் திட்டம் 2012இலிருந்து இருக்கிறது. தாத்தா விழுந்த பிறகுதான் நாங்கள் விண்ணப்பித்தோம், வெட்கத்தோடு சொல்கிறேன். என் அட்டவணையில் பொங்கோலுக்கு ‘அமைதி’ என்று ஒரு மதிப்பெண் கொடுத்தேன். அந்த அமைதியை அவர்கள் ஏற்கெனவே புது ஆற்றங்கரையில் இரண்டரை ஆண்டு வாங்கிப் பார்த்துவிட்டு, பயணச்சீட்டை வீணாக்கித் திரும்பியவர்கள் என்பது எந்தக் கட்டத்திலும் இல்லை. அரை மணி நேர ரயில் என்று எழுதினேன். ஒரு கட்டுக் கீரைக்காக யார் அரை மணி நேரம் ரயிலேறுவார்கள்? கீரை வாங்காவிட்டால் அந்தப் பதினேழு பேர் எங்கே?

ஒன்றுகூடல் மேசையில் இருந்த அண்ணன் அக்காவுக்கும் ஒரு சொல். கொடைக்கானலில் வீடு வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் ஏறிச்செல்ல மின்-அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அங்கே கூட்டம். மலையில் தனிமை தேடிப் போகிறவர்கள் வரிசையில் நின்றுதான் போக வேண்டும். அது இருக்கட்டும். உங்களுக்கு இப்போது ஓய்வு தேவைப்படுகிறது என்றால், அதை 65ஆம் வயதில் ஒரு மலைமேல் கொண்டுபோய் ஒளித்து வைக்காதீர்கள். அடுத்த சனிக்கிழமை தேக்காவுக்கு வாருங்கள். தாத்தாவிடம் அறிமுகம் செய்து வைக்கிறேன். மலையடிவாரத்தில் வீடு கேட்ட நான் இதைச் சொல்வது வேடிக்கைதான். அம்மாயியிடம் என் குடில் திட்டத்தையும் விவரித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மலையில மீன் கெடைக்குமா?” என்றார். எனக்குத் தெரியவில்லை.

இந்த இதழ் அச்சுக்குப் போகும் நேரத்தில் வீடு இன்னும் விற்கப்படவில்லை. பொங்கலுக்குக் குடும்பம் முழுவதும் தேக்காவில் கூடும். கேம்பல் லேனில் மாடுகளைப் பார்க்கக் குழந்தைகளை அழைத்துப் போவோம், மேலே வந்து சாப்பிடுவோம், சாப்பிட்டதும் மாமா மீண்டும் பேச்சை எடுப்பார். சென்ற முறை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறேன். மாமாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். “அப்ப ராத்திரி போன் வந்தா நீ ஓடுவியா?” என்று கேட்டார். கென்ட் ரிட்ஜ் விடுதியிலிருந்து தேக்காவுக்கு வாடகை வண்டியில் எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.